ரூட்ஸ் ரெகே என்றால் என்ன? பாடகர் பர்னிங் ஸ்பியர் அதில் ஏன் முக்கியமானவர்?

ஜமைக்காவின் ரெகே இசையில் ஏழைகளின் துயரத்தையும், அடிமை வரலாற்றையும், ராஸ்தஃபாரி (ஜமைக்காவில் பிறந்த, ஆப்பிரிக்காவைப் போற்றும் சமயம்) நம்பிக்கையையும் பாடும் கிளைதான் ரூட்ஸ் ரெகே. 1962-இல் நாடு விடுதலை பெற்றும் தலைநகர் கிங்ஸ்டனின் சேரிகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அந்த ஆதங்கம்தான் 70-களில் பாட்டாக வெடித்தது.

பர்னிங் ஸ்பியரின் இயற்பெயர் வின்ஸ்டன் ராட்னி. ஊர் செயின்ட் ஆன் வட்டாரம்; ரெகே பாடகர் பாப் மார்லியும் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியும் பிறந்த அதே மண். மார்லி சொல்லித்தான் 1969-இல் ஸ்டூடியோ ஒன் என்ற இசைப்பதிவுக் கூடத்தின் படியேறினார். மேடைப்பெயர் கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு இருந்த பட்டப்பெயர். 1975-இல் கார்வியின் பெயரிலேயே ஆல்பம் வந்தது. (என்னைக் கேட்டால், பர்னிங் ஸ்பியரைக் கேட்கத் தொடங்க அதுதான் சரியான இடம்.) பிற்பாடு 2 கிராமி விருதுகளும் கிடைத்தன.

ரூட்ஸ் ரெகேயின் தாளம் ஏன் அவ்வளவு நிதானம்? ஓடிக்கொண்டே பேசினால் பாதி வார்த்தை காற்றோடு போகும். மெல்ல நடந்தபடி பேசினால் எல்லாம் காதில் விழும். அப்படித்தான் இதுவும். நான்கு அடிகளில் டிரம் முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாவதில் 'தொம்' என்று விழும். பேஸ் கிட்டார் முன்னால் நிற்கும். நடுவிலுள்ள வெற்றிடம் சொற்களுக்கு.

ரெகே என்றாலே கடற்கரையும் கஞ்சாவும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. பர்னிங் ஸ்பியரின் பாட்டில் பாதி வரலாற்று வகுப்பு.