செக்கு எண்ணெய்க் கடைக்கு விளம்பர வாசகம்: பதில்

வணக்கம். ‘பாரம்பரியச் சுவையும் ஆரோக்கியமும் இணைந்த தரமான எண்ணெய்’ என்று பலகையிலும் பையிலும் அச்சிட்டும் வாடிக்கையாளர் யாருக்கும் அது நினைவில் இல்லை என எழுதியிருந்தீர்கள். வாசகத்தில் பிழையில்லை, பக்கத்துத் தெருக் கடைக்காரரும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அதையே தம் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல்.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தின் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்பதைப் பாருங்கள்: நான்கே சொற்கள், முன்னால் மோனை, பின்னால் அதே ‘இருவர்’ மீண்டும் வருவதால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டாலே திருப்பிச் சொல்லிவிடலாம், என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கிவிட்டது. ஆனால் ஓசை மட்டும் போதாது (நம்மவர்கள் எதுகை கிடைத்துவிட்டால் பொருளைக் கைவிட்டுவிடுவார்கள்). அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ், தான் இரண்டாம் இடத்தில் இருப்பதை 1962இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதனாலேயே கூடுதலாக முயல்வதாக விளம்பரம் செய்தது. முதலிடத்திலிருந்த ஹெர்ட்ஸ் அந்த வாசகத்தைக் கடன் வாங்கவே முடியாது.

வாடிக்கையாளர் எதிரிலேயே கடலையை ஆட்டித் தருவதாகச் சொல்கிறீர்கள். அதை விட்டுவிட்டு ‘ஆரோக்கியம்’ எதற்கு? ‘கண்முன் கடலை, கையில் எண்ணெய்’ என்பதுபோல் ஒன்றை எழுதி, நாலு பேரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு இடறும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள்.