நான்கரை வயதுக் கைக்கு விடுமுறையில் என்ன வேலை கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. ஜூன் மாதம் யுகேஜி செல்கிறாள். எழுத்து கோணலாக இருக்கிறது என்று கூறி, விடுமுறையில் தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்குமாறு பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பென்சிலைக் கையில் கொடுத்தாலே அழுகிறாள். பெரும்பாலும் இடது கையைத்தான் பயன்படுத்துகிறாள். வீட்டுக்கு வந்த ஒருவர், 45 நாள் கைவினைப் பெட்டியும் மூளைத்திறன் வகுப்பும் சேர்த்து 8,500 ரூபாய் என்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கைவேலைகள் உண்டா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் அந்த 8,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பக்கம் எழுத வைப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மகளின் கையில் குறை இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கை இன்னும் எழுதுவதற்குத் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை அனைத்தும் வெறும் குருத்தாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி முடிய ஏறத்தாழ பன்னிரண்டு வயதாகிவிடும். விரல் தசைகளும் அவற்றை ஆளும் பழக்கமும் அப்படித்தான் மெல்ல மெல்ல வருகின்றன. பொதுவாக மூன்று வயதில் ஒரு குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கு வயதில் கூட்டல் குறி போடும், ஐந்தை நெருங்கும்போது சதுரம் வரும், சாய்ந்த கோடுகள் கொண்ட முக்கோணம் அதற்கும் பிறகுதான். சதுரமே சரியாக வராத கைக்கு ‘அ’வையும் ‘இ’யையும் நான்கு கோட்டு நோட்டில் கோட்டைத் தொட்டும் தாண்டாமலும் எழுது என்று சொன்னால், அந்தக் குழந்தை அழாமல் வேறு என்ன செய்யும்?

எட்டு வயது வரை விளையாட்டின் வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் தெளிவாகவே சொல்கிறது. அப்படியிருந்தும் எல்கேஜி பிள்ளைக்கு வீட்டுப்பாடமும், விடுமுறைக்கு என்று தனியாக ஒரு நோட்டும் கொடுத்து அனுப்பும் பள்ளிகள் குறையவே இல்லை. பெற்றோர் கேட்கிறார்கள் என்று பள்ளி சொல்கிறது, பள்ளி கேட்கிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள். இடையில் வீங்கிப்போவது பிள்ளையின் விரல்தான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி, வீட்டுக்கு வந்தவரைப் பற்றி. மூளைத்திறன் வகுப்பு என்ற பெயரில் கண்ணைக் கட்டிவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்துக் காட்டுவார்கள். துணிக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள சிறு இடைவெளி வழியாகக் குழந்தை கீழே பார்க்கிறது. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. புத்தகத்தை நெற்றிக்கு மேலே பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டுக்குள் பஞ்சை நீங்களே உங்கள் கையால் வைப்பதாகச் சொல்லுங்கள். வந்தவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார். இதில் பணம் போவதைவிட, பெற்றோரை ஏமாற்றுவதற்கு ஒரு சின்னக் குழந்தையைப் பழக்கிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கைவினைப் பெட்டிகளும் பெரும்பாலும், ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டுகளை எடுத்து ஒட்டும் வேலையாகவே இருக்கின்றன. வெட்டுவதும் கிழிப்பதும் மடிப்பதும் பிசைவதும்தானே கைக்குப் பயிற்சி? அதை வேறு யாரோ தொழிற்சாலையில் செய்து முடித்துவிட்டார்கள். மேலும், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். வீட்டு வாசலில் விற்பவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார். முருங்கைக்கீரை ஆயும்போது அவர் கைகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை காம்பைப் பிடித்துக்கொள்கிறது, மற்றொரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையைப் பற்றி உருவுகின்றன. பென்சில் பிடிக்க எந்த விரல்கள் தேவையோ அதே விரல்கள். ஒரு கை தாளைப் பிடிக்க மறு கை எழுதுவதற்கு எந்தப் பழக்கம் தேவையோ அதே பழக்கம். ஒரு கொத்தைப் பேத்தியிடம் கொடுத்தால் கால் மணி நேரம் உட்காருவாள். பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைந்து உருட்டுவது, துணிக்கு கிளிப் மாட்டுவது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது ஆகிய எல்லாமே கைக்கு வலு சேர்ப்பவைதான். தனியாக ஒரு விளையாட்டு மாவு வேண்டுமென்றால், இரண்டு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் தூள் உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மாவைப் பாம்பாக உருட்டி, அந்தப் பாம்பை வளைத்து ‘ட’வும் ‘ப’வும் செய்யச் சொல்லுங்கள். இவை இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், வளைவே கிடையாது; ‘அ’வில் தொடங்குவதைவிட இவற்றில் தொடங்குவது பிள்ளைக்கு எளிது.

எழுத்தைப் பென்சிலில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அந்த முறையைத்தான் நான் ஆண்டு முழுவதும் பரிந்துரைக்கிறேன். ஒரு தாம்பாளத்தில் ரவையோ மணலோ பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். தவறினால் அழிரப்பர் வேண்டாம், தட்டை லேசாகக் குலுக்கினால் போதும். வாசலில் மூன்று புள்ளிக் கோலம் போட்டுச் சாக்பீஸால் புள்ளிகளை இணைக்கச் சொல்லலாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரிதாகக் கோடு இழுக்கும்போது தோளும் முழங்கையும் உறுதிப்படுகின்றன. அவை உறுதிப்படாமல் விரல் மட்டும் நிலைத்து நிற்காது.

இது நுங்குக் காலம். சுளையை எடுத்த இரண்டு குடுக்கைகளைக் குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பை மாட்டி வண்டி செய்து கொடுக்கச் சொல்லுங்கள். மாமியாருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் பூ வரும். எத்தனை இதழ் என்று எண்ணச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

வண்ணம் என்றதும் ஓர் எச்சரிக்கை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி போலச் சிவக்கும், பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள் என்று பலர் இதைச் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தும்போது அது வெடித்துக் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து, பார்வையே போய்விடக்கூடும். அப்படித் தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, நேராகக் கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே வியப்புக்குச் சமையல் சோடா போதும். மஞ்சள் கரைசலைத் தாளில் பூசிக் காயவைத்து, சோடா கலந்த நீரில் விரலைத் தோய்த்து வரைந்தால் கோடு செம்பழுப்பாகத் தெரியும், எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சளாகும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எடுங்கள். கறுப்புக் கண் கொண்ட சிவப்புக் குன்றிமணி வேண்டாம், மென்றுவிட்டால் அது கடும் நஞ்சு.

இனி இடது கை. விருப்பமான கை எது என்பதைக் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும் என்பது பொது விதி. மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடது கைக்காரர். சாப்பிடுவதும் கொடுப்பதும் வலது கையால்தான் என்று மாமியார் விரும்பினால் அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் பென்சிலையும் கத்தரிக்கோலையும் மாற்றச் சொல்லாதீர்கள். கத்தரிக்கோலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வலது கைக்கானது. அதை இடது கையில் பிடித்தால் விரல்கள் அழுத்தும்போது இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று நெருங்காமல் விலகுகின்றன. தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொள்கிறது, வெட்ட வேண்டிய கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. உடனே ‘இவளுக்கு வெட்டவே வரவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். இடது கைக்கென்றே செய்த, முனை மழுங்கிய கத்தரிக்கோல் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் வரை வெட்ட வேண்டாம், பழைய செய்தித்தாளைக் கையால் நாடா நாடாவாகக் கிழிக்கட்டும். அதுவும் நல்ல பயிற்சியே. வரையும்போது தாள் அவளுக்குச் சற்று இடப்பக்கம் இருக்கட்டும், அதன் மேற்பகுதி வலப்புறம் சாய்ந்திருக்கட்டும், பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கட்டும். அப்போதுதான் தான் வரைந்ததைத் தன் கையே மறைக்காது. தாளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனால் மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்பு கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்; அவள் எழுந்து ஓடினால் அன்றைய வேலை முடிந்தது. ஜூன் மாதம் ஆசிரியர் நோட்டைக் கேட்டால், இந்தக் கோடை முழுவதும் என்ன செய்தாள் என்பதைச் சொல்லி, பெஞ்சில் அவளை இடது ஓரத்தில் உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தால் அவளது இடது முழங்கை பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும்.