உப்பு ஏன் கசக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடல் தண்ணீர் 10 லிட்டர் எடுத்துவந்து, அடுப்பில் வற்றும்வரை காய்ச்சினோம். உப்பு கசக்கிறது, பல்லில் நெறுநெறுக்கிறது. டப்பாவில் போட்டால் ஒரே ராத்திரியில் நீர்த்துவிடுகிறது. என்ன தப்பு? – வாசகி, கருங்கல்

பதில்: "வற்றும்வரை" காய்ச்சினீர்களே, அதுதான் தப்பு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. சாப்பாட்டு உப்பு அதில் 27 கிராம் போல. மிச்சத்தில் ஜிப்சமும் (ஒரு கால்சியம் உப்பு) மக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன. நல்லவேளையாக எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. 10 லிட்டர் சுமார் 3 லிட்டராகச் சுண்டும்போது ஜிப்சம் பிரியத் தொடங்கும். உங்கள் பல்லில் பட்டது அதுதான். 1 லிட்டர் அளவுக்கு வரும்போதுதான் நல்ல உப்பு விளையும். கடைசிச் சொட்டுவரை விட்டால் மக்னீசியமும் சேர்ந்து படியும். கசப்பு அதனால்தான், காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பை நீர்க்க வைப்பதும் அதுவே.

அடுத்த முறை 1.5 லிட்டர் ஆனதும் இறக்கிவிடுங்கள். ஒரு ராத்திரி ஆறட்டும். அடியைக் கலக்காமல் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிவை அகலமான கண்ணாடித் தட்டில் வெயிலில் வையுங்கள். உப்பு மேலே ஆடை போலப் படர்ந்து, கனம் ஏறியதும் அமிழும். சுமார் 350 மில்லி தண்ணீர் மிஞ்சும்போது நிறுத்தி, உப்பை அள்ளி வடியவிடுங்கள். 200 கிராம் கிடைத்தால் நல்ல கை. அந்த மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடத்தான் வேண்டும். மனசு வராது, ஆனாலும் கொட்டுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும். சாக்கடையோ படகு டீசலோ கலக்கும் இடத்துத் தண்ணீரும் வேண்டாம். அவற்றைத் துணி வடிகட்டாது.

இப்போது கையிலிருக்கும் கசப்பு உப்பைத் துணிப்பையில் கட்டி, அடியில் ஒரு சட்டி வைத்துச் சில நாள் தொங்கவிடுங்கள். மக்னீசியம் ஈரம் குடித்துச் சொட்டிப் போகும். உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்து வைப்பதிலும் இந்தப் பலன் உண்டு. கருவாடு போடவும் அப்படி வடிந்த உப்பே நல்லது. கசப்பு உப்பில் மீன் வெளுத்து விறைக்கும், உள்ளே உப்பு இறங்கத் தாமதமாகும்.

கேள்வி: உப்பு விளைந்த பாத்தியில் மழை பெய்தால் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட வேண்டுமா? – வாசகர், புத்தளம் (குமரி மாவட்டம்)

பதில்: வேண்டாம். மழைத் தண்ணீர் லேசு. காற்றடித்துக் கலக்காதவரை கெட்டி நீரின் (உப்பு செறிந்த நீரின்) மேல் மிதந்து நிற்கும். வரப்பின் மேல்மட்டத்தை மட்டும் வெட்டி, மேல்தண்ணீரை உடனே வெளியேற்றுங்கள். பிறகு போமே மானியில் டிகிரி (நீரில் உப்பின் செறிவு) பாருங்கள். 25க்குக் கீழே இறங்கியிருந்தால் படிந்த உப்பு திரும்பக் கரையும். கெட்டி நீர் பாய்ச்சி மீட்க வேண்டும். டிகிரி ஏறி 29, 30ஐத் தொட்டதும் மிச்ச நீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கருங்கல் வாசகியின் கதைதான். குமரிக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தூத்துக்குடிபோல நீண்ட வறண்ட பருவம் இங்கே கிடைப்பதில்லை.

கேள்வி: கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே, தனியாக எதற்கு? – வாசகர், களியக்காவிளை

பதில்: கடல் தண்ணீரில் அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவுதான். அதிலும் பெரும்பகுதி, உப்பை அள்ளியபின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள்; வீட்டுக்கு வரும்போது 10 லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. மூடி வையுங்கள், குழம்பு இறக்கும்போது போடுங்கள். எந்த உப்பானாலும் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். அச்சாறும் கருவாடும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கேள்வி: கடலோரக் கிணறு உவர்த்துவிட்டது. ஆழப்படுத்தலாமா? – வாசகி, மணக்குடி

பதில்: கூடாது. மணல் பாங்கான கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நல்ல நீர் என்பது பொதுக்கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் உப்பு 40 அடி ஏறும் என்றும் அர்த்தம். ஆழம் தோண்டுவது உப்பைத் தேடிப் போவதுதான். மோட்டாரை ஒரே மூச்சாக ஓட்டாமல் அரைமணி, அரைமணியாகப் போடுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைக் கிணற்றோரம் இறக்குங்கள்.