கிருபை, கிரியை, மாமியார்

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் லூத்தரன். பிரிக்ஃபீல்ட்ஸில் மாமியாரோடு இருக்கிறோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் என்பதில் சண்டை. "புண்ணியம் சேர்த்து மோட்சத்துக்குப் போகலாம் என்று நம்புகிறவர்களிடம் என் பேரனைக் கொடுக்க மாட்டேன்" என்கிறார் மாமியார். என் அம்மாவோ யாக்கோபு நிருபத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வசனமாக அனுப்புகிறார். இரட்சிப்பு விசுவாசத்தாலா, செயலாலா? ஞானஸ்நானம் எங்கே கொடுப்பது?

ம., கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

நவம்பர் வந்தாலே இந்தச் சண்டை எனக்கு ஞாபகம் வந்துவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வசனங்களை விடுங்கள். செயலாலும்தான் மனிதன் நீதிமானாகிறான் என்ற யாக்கோபு 2:24ஐ அம்மா அனுப்பினால், விசுவாசத்தாலேயே நீதிமானாகிறான் என்ற ரோமர் 3:28ஐ மாமியார் நீட்டுவார். விடிய விடிய நடக்கும்.

ஆனால் மாமியார் சொன்ன அந்த வாக்கியத்தை என்னால் விட முடியாது. புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை எங்கே போதித்தது? லூத்தரன் சபைக்குப் பெயர் தந்த லூத்தரின் போதனைக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம், நீதிமானாக்கப்படுதல் (கடவுள் பாவியை ஏற்று நீதிமானாக்குவது) பற்றி 1547 ஜனவரியில் 33 கண்டனங்களை வெளியிட்டது. எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒன்பதாவதை. 'விசுவாசம் மட்டும் போதும்' என்பதைக் கண்டிப்பது அது. முதலாவதை ஒருவரும் புரட்டுவதில்லை. கிறிஸ்து வழியாக வரும் இறையருள் இல்லாமல், மனிதன் தன் சொந்தச் செயல்களால் கடவுள் முன் நீதிமானாகலாம் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்கிறது அது. மாமியார் எதைக் கத்தோலிக்கம் என்று நினைக்கிறாரோ, அதைத்தான் அந்தச் சங்கம் முதலில் சபித்தது! லூத்தர் அதற்கு 11 மாதம் முன்பே இறந்துவிட்டார். படித்திருந்தாலும் திட்டித்தான் இருப்பார், அது வேறு விஷயம்.

அப்புறம் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார்; நற்செயலுக்கு நம்மை அழைப்பதும் அவரே என்று இரு தரப்பும் சொல்லின. 2006இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் போன்றவை இன்னும் தீரவில்லைதான். அதற்காக உங்கள் சமையலறையில் 1547ஐத் தொடர வேண்டுமா?

உங்கள் அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்களைப் பார்த்தால் மாமியாருக்குச் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. ஒன்பது செவ்வாய் நவநாள், ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா என்று மாதாமாதம் இபிஎஃப் சேமநிதிக்குப் போடுவது போல மோட்சத்துக்குப் போட்டுவைக்கிறோம். என் பாட்டியும் அப்படித்தான். எத்தனை செபமாலை ஆயிற்று என்று காலண்டரில் பென்சிலால் கோடு கிழிப்பார்.

ஆனால் பாட்டியிடம் இன்னொன்றும் இருந்தது. நவம்பரில் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கக் கோயிலில் ஓர் உறை கொடுப்பார்கள். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். தாத்தா பெயருக்குக் கீழே, கோணல் எழுத்தில், பக்கத்து வீட்டு லூத்தரன் அம்மாவின் பெயரையும் பாட்டி எழுதுவார். ஒரு வருடம் அதைப் பார்த்துவிட்ட அந்த அம்மாவின் மகன், "எங்கம்மா கிருபையில போனவங்க. உங்க காசு அவங்களுக்குத் தேவையில்ல" என்று கத்தினார். பாட்டி உறையை ஒட்டிக்கொண்டே, "அவளுக்குத் தேவையில்லதான்யா. பேர விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அடுத்த வருடமும் எழுதினார். இதைக் கிரியை என்பதா, வேறென்ன என்பதா? எந்தச் சங்கத்தின் கண்டனத்திலும் எனக்கு விடை அகப்படவில்லை.

சரி, ஞானஸ்நானம். லூத்தரன் கோயிலில் தண்ணீராலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலும் கொடுத்தால் கத்தோலிக்கர் மறுபடி கொடுப்பதில்லை. லூத்தரன்களும் அப்படியே. ஆனால் உங்கள் திருமணம் கத்தோலிக்கக் கோயிலில் நடந்திருந்தால், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்தவரை முயல்வதாக வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அது கணவருக்கும் தெரிந்திருக்கும். இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லையே, ஏன்? இரண்டு அம்மாக்களையும் விட்டுவிட்டு முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.