பதில்: தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் மகள்

கலிபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் பயனில்லை என்று மல்லுக்கு நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பயன் இருக்கிறது. உங்கள் மாநிலம் 2011-இல் சட்டமாக்கிய இருமொழித் திறன் முத்திரை, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழிலேயே இடம்பெறும். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழுக்கும் தேர்வு இருக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் இப்போதே கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டால் அலைச்சல்தான்.

சரளமாகப் பேசும் பிள்ளைகள்கூட எழுத்தில் சறுக்குவார்கள். ரகர றகரம், லகர ளகர ழகரம் எல்லாம் ஒன்றாகிவிடும். ஊரிலிருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் தமிழ் எழுத்திலேயே அனுப்பச் சொல்லுங்கள். பாட்டி தயவுதாட்சண்யமின்றித் திருத்துவார். பரதநாட்டியமும் அதே சனிக்கிழமை என்றால், முதலில் அதை வேறு நாளுக்கு மாற்றுங்கள், ஐயா. அவளுக்கும் தோழிகள் இருப்பார்கள் அல்லவா?