பவானிசாகர் வரத்தும் மஞ்சள் விலையும்: எட்டாம் வகுப்பில் அமைப்புச் சிந்தனை

கேள்வி: பெருந்துறை வட்டாரத்தில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஒரு பயிற்சியில், ஒன்றையொன்று பாதிக்கும் பலவற்றைச் சேர்த்தே பார்க்கும் அமைப்புச் சிந்தனையைப் பற்றிச் சொல்லி, எது எதை மாற்றுகிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் சுழல் படங்களைக் காட்டினார்கள். அவற்றைக் கரும்பலகையில் வரைந்தேன். பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதினார்களே தவிர, எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. கணினி வசதி குறைவு. எங்கிருந்து தொடங்குவது? எப்படி மதிப்பிடுவது?

பதில்: சுழல் படத்திலிருந்து தொடங்கியதுதான் சிக்கல் என்று கருதுகிறேன். அந்தப் படம் யோசித்து முடித்தவருக்கு ஒரு சுருக்கக் குறிப்பாகப் பயன்படும். யோசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கோ அது இன்னொரு மனப்பாடப் படமாகவே தெரியும். முதலில் காலத்தோடு மாறும் ஓர் அளவை வரைபடமாக வரையச் செய்யுங்கள். அடுத்து அந்த அளவுக்குள் வருவது எது, வெளியேறுவது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சுழலுக்கு அதன் பிறகு போகலாம்.

இந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள அமைப்பு இயங்கியல் (சிஸ்டம் டைனமிக்ஸ்) துறைக்கு 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அடித்தளமிட்ட ஜே ஃபாரஸ்டர், இருப்பு (ஒரு நேரத்தில் சேர்ந்திருக்கும் அளவு), ஓட்டம் (அதற்குள் வருவதும் அதிலிருந்து வெளியேறுவதும்) என்ற இரண்டையும் வைத்தே அதைக் கட்டினார். இவ்விரண்டையும் பிரித்தறிவது பெரியவர்களுக்கும் எளிதன்று. லிண்டா பூத் ஸ்வீனியும் ஜான் ஸ்டெர்மனும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அதே எம்.ஐ.டி.யின் மேலாண்மை மாணவர்களிடம் ஒரு தொட்டியில் விழும் நீரின் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் கொடுத்து, தொட்டியின் நீரளவு எப்படி மாறும் என்று வரையச் சொன்னபோது, பலர் தவறினார்கள். வரத்தின் கோடு எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே இருப்பின் கோடும் ஏறி இறங்கும் என்று நினைத்துவிடுவதே பொதுவாக நேரும் பிழை.

உங்கள் வட்டாரத்தில் இதற்குப் பாடப்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பவானிசாகர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு ஆகியவை பருவகாலத்தில் நாளிதழ்களில் தொடர்ந்து வெளியாகின்றன. இரண்டு வாரச் செய்தித் துணுக்குகளை வெட்டி ஒட்டச் செய்து, பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: நேற்று வினாடிக்கு 8,000 கன அடியாக இருந்த நீர்வரத்து இன்று 5,000 கன அடியாகக் குறைந்துவிட்டது, கீழ்பவானி வாய்க்காலில் 2,300 கன அடி திறந்துவிடப்படுகிறது, வேறு வெளியேற்றம் இல்லை, அணையின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? வகுப்பில் பெரும்பாலோர் இறங்கும் என்றே கை தூக்குவார்கள். உடனே திருத்திவிடாமல், கணக்குப் போடச் சொல்லுங்கள். வினாடிக்கு 2,700 கன அடி மிச்சம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் சுமார் 23 கோடி கன அடி, அதாவது கால் டி.எம்.சி.க்குச் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) சற்றுக் குறைவான நீர் அன்றைக்கு அணையில் கூடியிருக்கிறது. வரத்து குறைந்தும் இருப்பு ஏறியது எப்படி என்று அவர்களே விளக்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை போதும். ஒரு தட்டில் 20 கொட்டைகளை வைத்து, ஒருவர் சுற்றுக்கு முறையே 6, 5, 4, 3, 2, 1 என்று போட, இன்னொருவர் ஒவ்வொரு சுற்றிலும் 3 எடுக்க, மூன்றாமவர் எண்ண, நான்காமவர் கட்டத்தாளில் குறிக்கட்டும். வரத்து முதலிலிருந்தே குறைந்துகொண்டிருக்க, இருப்பு 26 வரை ஏறி, வரவும் செலவும் சமமாகும் சுற்றில் நின்று, அதன் பிறகே இறங்கும். ஏன் 26இல் நின்றது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுங்கள். ஆசிரியருக்கு இதுதான் கடினமான வேலை.

இவ்வளவும் ஆன பிறகு சுழலுக்கு மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். 2010 வாக்கில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய ஈரோட்டு மஞ்சளின் விலை, 2012இல் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் வீட்டில் அப்பாருவிடமோ அம்மிச்சியிடமோ கேட்டு வந்து, நினைவிலிருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தோராயமாக வரையட்டும். விலை ஏறினால் நடவுப் பரப்பு ஏறுகிறது. பரப்பு ஏறினால் சந்தைக்கு வரத்து ஏறுகிறது. வரத்து ஏறினால் விலை இறங்குகிறது. முதல் இரண்டு அம்புகளும் ஒரே திசை (ஒன்று ஏற மற்றதும் ஏறுகிறது), மூன்றாவது எதிர்த் திசை (ஒன்று ஏற மற்றது இறங்குகிறது). எதிர்த் திசை அம்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அது மாற்றத்தைத் தானே எதிர்க்கும் சமன்செய்யும் சுழல். இரட்டைப்படையாக இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ அது மாற்றத்தை மேலும் வளர்க்கும் பெருக்கும் சுழல். ஆனால் சமன்செய்ய வேண்டிய சுழல் ஏன் விலையை இப்படி ஆட்டிவைக்கிறது? நட்டது விளைந்து, வேகவைத்துக் காயவைத்துச் சந்தைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. இன்றைய விலையைப் பார்த்து எடுத்த முடிவின் பலன் அடுத்த ஆண்டுதான் வந்து சேர்கிறது. பரப்பிலிருந்து வரத்துக்குப் போகும் அம்பின் குறுக்கே இரண்டு சிறு கோடுகள் போட்டுத் தாமதத்தைக் காட்டுவது வழக்கம். கிடங்கில் வைத்துக் காத்திருக்கும் மூட்டைகளை எங்கே சேர்ப்பது என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடம் வெற்றி.

பெருக்கும் சுழலுக்கு ஆழ்துளைக் கிணற்றைக் காட்டலாம்: நீர்மட்டம் இறங்க, துளையின் ஆழம் கூடுகிறது, ஆழம் கூட, எடுக்கும் நீர் கூடுகிறது, நீர்மட்டம் மேலும் இறங்குகிறது. எதிர்த் திசை அம்புகள் இரண்டு. சுழலில் எழுதும் ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ கூடிய அளவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘விவசாயிகள்’, ‘அரசு’ என்று எழுதினால் அம்புக்குப் பொருளே இராது.

கீழ்பவானி வாய்க்காலின் கசிவு இவற்றைவிட வளமான பாடம். 1955இல் முடிந்த அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் மண் வாய்க்கால் அது, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. வாய்க்காலைத் தனியே வரைந்தால் கசிவு ஒரு செலவு. பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்து வரைந்தால் அதே கசிவு கிணற்றுக்கு வரவு. எல்லையை எங்கே வைத்து வரைகிறோமோ, அதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. கசிவைத் தடுக்க வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை போடுவதா என்ற சர்ச்சை உங்கள் பகுதியில் சூடாக நடந்திருக்கிறது. கடைமடைப் பிள்ளைகளும் கிணற்றுப் பாசனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். ஆகவே, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நிற்காமல், இரு தரப்பின் படத்தையும் அடுத்தடுத்து ஒட்டுங்கள்.

இத்தகைய படங்களைக் கணினியில் வரைந்து இயக்கிப் பார்க்க உதவும் லூப்பி, வென்சிம் பி.எல்.இ. போன்ற மென்பொருள்கள் கல்விக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தாளில் கை பழகிய பிறகு போதும். அதற்கு முன் கொடுத்தால் பிள்ளைகள் பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

மதிப்பீட்டில் படத்தின் அழகுக்கு மதிப்பெண் தர வேண்டாம். முன்பின் பார்த்திராத ஒரு சூழலில், சத்துணவுக் கூடத்தின் அரிசி இருப்பு என்று வைத்துக்கொள்வோமே, வரவையும் செலவையும் கொடுத்து, இருப்பின் கோட்டை வரைந்து இரண்டு வாக்கியத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். இதே வினாவைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் எண்களை மாற்றி ஒருமுறையும் கொடுத்து, இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தனிப் பாடவேளை கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் போராட வேண்டியதில்லை. வரைபடம் வரும் கணக்குப் பாடத்திலேயே இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.