பம்பிங் குறைந்த இதயமும் வீட்டில் ஓர் எடை மெஷினும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் இருதயப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் (பம்பிங்) குறைந்த நிலை, உள்ளவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் கேட்க வேண்டாம். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கேள்வி: அப்பாவுக்குப் பம்பிங் 30 சதவீதம்தான் என்று எக்கோ ஸ்கேனில் வந்திருக்கிறது. தினமும் எடை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். காலில் வீக்கமே இல்லாதபோது எடை எதற்கு? (அம்பாசமுத்திரம்)

பதில்: வீக்கம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான். பம்பிங் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைவதால், அது உப்பையும் நீரையும் வெளியே விடாமல் உடம்பிலேயே பிடித்துவைக்கிறது. அப்படிச் சேரும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஒரு கிலோ எடையாக மெஷினில் தெரியும்; காலில் தெரிவதற்குள் பல லிட்டர் சேர்ந்துவிடலாம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிப்பதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையோடு, சமமான தரையில் வைத்த ஒரே மெஷினில் பார்த்து எழுதிவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முக்கூடல் பக்கத்திலிருந்து, பீடி சுற்றிப் பிழைத்த ஓர் ஆச்சி எங்களிடம் வருவார். எழுதத் தெரியாது, பேரனை எழுதச் சொல்லி, நாட்காட்டியில் கிழித்த தாள்களைப் பீடி கட்டும் நூலால் கட்டிக் கொண்டுவருவார். ஒருமுறை அந்தத் தாள்களில் 47.2, 47.8, 48.6, 49.5 என்று வரிசையாக இருந்தது. காலை விரலால் அழுத்திப் பார்த்தேன், வீக்கம் இருந்தால் விழும் குழி விழவில்லை. விசாரித்தால், கல்யாண வீட்டில் இரண்டு நாள் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவர், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையின் அளவை மாற்றி, படுக்கையில் சேர்க்காமலே வீட்டுக்கு அனுப்பினார்.

கேள்வி: நர்ஸ் சொல்லிக்கொடுப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா, சிஸ்டர்? (தென்காசி)

பதில்: உண்டு. அமெரிக்காவில் மைக்கேல் ரிச் குழுவினர் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 பேரிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர் முன்னின்று கற்பித்து, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கவனித்துவந்த நோயாளிகளிடம், இதயச் செயலிழப்புக்காக 90 நாளுக்குள் மீண்டும் சேர்வது 56 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு துண்டுத்தாளைக் கையில் திணிப்பது கற்பித்தல் ஆகாது. "எடை ஏறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் தம் சொற்களிலேயே திரும்பச் சொல்லும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: உப்பைக் குறைக்கச் சொன்னதால் இந்துப்புக்கு மாறிவிட்டோம். சரிதானே? (சங்கரன்கோவில்)

பதில்: சரியல்ல. இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: தாங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. இந்துப்பு இயற்கையானது, முன்னோர் மருந்தாகவே பயன்படுத்தியது. (வள்ளியூர்)

பதில்: அண்ணாச்சி, முன்னோர் மீது எனக்கும் மரியாதை உண்டு. தூத்துக்குடி உப்பளத்து உப்பும் கடலும் வெயிலும் சேர்ந்து தந்த இயற்கைப் பொருள்தான். சோடியம் எங்கிருந்து வந்தது என்று சிறுநீரகம் பார்ப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கலாமா? (நாங்குநேரி)

பதில்: இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அத்தகைய உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இதயச் செயலிழப்புக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக் கூடியவை. இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தினமும் இளநீர் குடிப்பவர்களும் இதே காரணத்துக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்துப்பைப் பற்றி மேலும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் அதேதான். அந்த அக்கறையைக் கருவாடு, வடகம், மோர் மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றைக் குறைப்பதில் காட்டுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்? (ஐந்து பேர்)

பதில்: எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. மருத்துவர் ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால், காலையில் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி வையுங்கள். காபி, மோர், ரசம், நீராகாரம் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

கேள்வி: பாபநாசத்துக்குப் பஸ்ஸில் போகும் நாளில் அம்மா நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார். (கடையநல்லூர்)

பதில்: விடக் கூடாது. வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா? (மானூர்)

பதில்: வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நன்றாகத் தேறி வீட்டுக்குப் போன பெரியவர் ஒருவர், முழங்கால் வலிக்கு ஐந்து நாள் இதைச் சாப்பிட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கு ஊசி போட்டுக்கொள்பவர்களும் இதயத்துக்கு மருந்து சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தால் பம்பிங் கூடுமா? (சேரன்மகாதேவி)

பதில்: இதய நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு நான்கு நாளாக மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. நேற்றிரவு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் செக்கப் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா? (களக்காடு)

பதில்: பொறுக்கக் கூடாது. நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளமாகவே இதைக் கொள்ள வேண்டும். இதைப் படித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். மாத்திரைப் பையையும் எடை எழுதிய நோட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.